இந்த நகரில் உறவினர் யாரும் இல்லை

மில்வாக்கி
1917 நவம்பர் 18

அன்புள்ள ஒட்டிலி அக்காவுக்கு,

நீயும் கான்ராட் அத்தானும் எர்னாவும் கைக்குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். உன் முதுகுவலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. ஏரிக் காற்றோடு வந்து போகும் சளி மட்டும்தான்.

வேலை கிடைத்துவிட்டது. அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் சுருக்கெழுத்து எடுத்து, தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். மற்ற பெண்கள் மதியம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நான் ஜன்னல் ஓரம் ஒதுங்கிவிடுகிறேன். கறுப்பு ரொட்டியும் ஈரல் சாசேஜும் கொண்டுபோனால் ஜெர்மன் வீட்டுப் பெண் என்று வாசனை காட்டிக்கொடுத்துவிடும் என்று வெள்ளை ரொட்டியில் ஜாம் தடவி எடுத்துப் போகிறேன். எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

என்னை வேலைக்கு எடுத்தவர் மிஸ்டர் டெனிசன். நல்ல மனிதர். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, நான் போன பிறகுதான் வருவார். கல்லூரி விவாதத்தில் நான் பரிசு வாங்கிய கட்டுரையை அவர் படித்திருந்தார். நினைவிருக்கிறதா? "போர்க்காலத்தில் ஜனாதிபதியின் அதிகாரம் விரிய வேண்டுமா?" என்பதுதான் தலைப்பு. விரிய வேண்டும் என்று பேசினேன். மேசையைப் பிடித்துக்கொண்டு பேசினேன். நம் வைக்கோல் கொட்டகை எரிந்த இரவை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். அன்று அப்பா ஒருவர்தான் உத்தரவு போட்டார். வாளி யார் கையில் இருப்பது என்று யாரும் ஓட்டெடுக்கவில்லை. அதனால்தான் வீடு பிழைத்தது. அந்த இடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள்.

நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

எர்னாவுக்கு என் முத்தங்கள்.

உன் தங்கை
ஹெட்விக்


லிண்டன்தால்
1917 டிசம்பர் 9

அன்புத் தங்கை ஹெட்விக்குக்கு,

கடவுள் புண்ணியத்தில் எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். முதுகுவலி போகவில்லை, பழகிவிட்டது. உன் சளிக்கு வெங்காயச் சாற்றில் தேன் விட்டுக் குடி. நகரத்து மருந்தை நம்பாதே.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்துக் காப்பி மேசை விரிப்பில் கொட்டிவிட்டது.

"ஜனாதிபதிக்கு என் மச்சினியே அதிகாரம் குடுத்துட்டா! இனி அந்த மனுசன் நிம்மதியாத் தூங்குவார்."

"கிண்டல் பண்ணாதீங்க. படிச்ச பொண்ணு சொல்றா."

"படிச்ச பொண்ணுதான். அதனாலதான் கேக்கிறேன். தீ அணைஞ்சப்புறம் வாளியைத் திருப்பிக் குடுப்பாங்களான்னு எழுதிக் கேளு."

நான் எழுதிவிட்டேன். பதில் சொல்வது உன் பாடு.

என் பங்குக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தீ இரவில் உனக்கு வயது நான்கு. அப்பா உத்தரவு போட்டது நிஜம். தீ பரவும் என்று கத்தி, கிணற்றடியில் இருந்த பேரிக்காய் மரத்தையும் வெட்டச் சொன்னார். வெட்டிவிட்டார்கள். தீ அந்தப் பக்கமே வரவில்லை. உனக்குத் தீ நினைவிருக்கிறது. எனக்கு மரம்தான் நினைவிருக்கிறது.

இங்கே பாதிரியார் இனி ஜெர்மனை விட்டு இங்கிலீஷில்தான் பிரசங்கம் செய்ய வேண்டுமாம். போன ஞாயிறு தடுமாறித் தடுமாறி முடித்தார். கிழவிகள் எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள். பால் கறக்கும் நேரம் வந்துவிட்டது.

உன் நலம் விரும்பும் அக்கா
ஒட்டிலி


மில்வாக்கி
1918 ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தப் பனியில் நீங்கள் எல்லோரும் சௌக்கியமா? வெங்காயச் சாறு வேலை செய்தது. இந்தக் கடிதத்தை அத்தானும் நீயும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். எர்னா தூங்கிய பிறகு படியுங்கள்.

குடியுரிமை பெறாத ஜெர்மன் ஆண்கள் எல்லோரும் பிப்ரவரி முதல் வாரத்தில் "பகைநாட்டு அந்நியர்" என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். ஜனாதிபதியின் உத்தரவு இது. கிராமங்களில் போஸ்ட்மாஸ்டரே பதிவு செய்வார்.

உங்கள் கூடத்தில் அத்தானின் அப்பாவுடைய தாள் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கிறதே, அது குடியுரிமைத் தாள் இல்லை அக்கா. குடிமகன் ஆக விரும்புகிறேன் என்று சொல்லும் முதல் தாள். அதற்குப் பிறகு நீதிமன்றத்தில் இரண்டாவது தாள் வாங்கியிருக்க வேண்டும். நம் மாநிலத்தில் முதல் தாளை வைத்தே வெகுகாலம் ஓட்டுப் போட விட்டார்கள். அதனால் உன் மாமனாரும் இன்னும் எத்தனையோ பேரும் வேலை முடிந்தது என்று நினைத்து அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள். அப்பா குடிமகன் ஆகவில்லை என்றால் பன்னிரண்டு வயதில் கப்பலில் வந்த மகனும் ஆகவில்லை.

அத்தான் பதிவு செய்துகொள்ள வேண்டும். மறைத்துப் பிறகு தெரியவந்தால் அதுவே குற்றம். தானாகப் போய்ச் சொன்னால் ஒரு புகைப்படம், மை தடவி விரல் ரேகை, அவ்வளவுதான். அந்த அதிகாரம் கெட்டவர்களைப் பிடிப்பதற்காக ஜனாதிபதிக்குக் கொடுத்தது. சுத்தமானவரை அது ஏன் தொடப்போகிறது? நான் தினமும் பார்க்கிறேன். இங்கே இருப்பவர்கள் நியாயமானவர்கள்.

என்னை நம்புங்கள்.

உன் தங்கை
ஹெட்விக்


லிண்டன்தால்
1918 பிப்ரவரி 17

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம், மாடுகளும் நலம். நீ இளைத்துவிட்டாய் என்று போன மாதம் நகரத்துக்கு வந்துபோன நம்மூர் ஆள் சொன்னார். ஜாம் ரொட்டி தின்றால் வேறென்ன ஆகும்?

பதிவு முடிந்தது. அவருக்கு விருப்பமே இல்லை. மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். "எங்கப்பா முப்பது வருசம் ஓட்டுப் போட்டார், நானும் போட்டேன். நானா போய்ச் சொல்லலேன்னா எந்தப் பயலுக்குத் தெரியப்போகுது?" என்றார். கடைசியில் அவரே தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "ஹெடி சொன்னா சரியாத்தான் இருக்கும். அந்தப் பொண்ணு வாயைத் திறக்கிறதே வருசத்துக்கு ரெண்டு தடவை."

போஸ்ட்மாஸ்டர் ஸ்ட்ரூவே உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தவறாமல் இவரோடு சீட்டாடுகிறவர். அவரே மைப்பெட்டியை எடுத்து வைத்தார்.

"கையை நீட்டு கான்ராட். சீட்டுப் போடல, மை போடறேன்."

"போடு போடு. போன வாரம் நீ சீட்டை ஒளிச்சு வெச்சியே, அதுக்கு உன் விரலுக்குத்தான் மொதல்ல போடணும்."

"வாயை மூடுய்யா. உயரம் எவ்வளவு?"

"இருபது வருசமா என் பக்கத்துல நிக்கிற. உனக்குத் தெரியாதா?"

புகைப்படத்தை ஒட்டி ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள். ஊரை விட்டுப் போகும்போது அனுமதி வாங்க வேண்டும். மை மூன்று நாள் போகவில்லை. எர்னா அவர் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்துவிட்டு, "அப்பா பள்ளிக்கூடம் போனீங்களா?" என்று கேட்டாள். அன்று மட்டும் அவர் சிரிக்கவில்லை.

உன் அக்கா
ஒட்டிலி


லிண்டன்தால்
1918 மார்ச் 24

ஹெடி,

நீ நலமா என்று கேட்டு எழுத எனக்கு இப்போது நிதானம் இல்லை. அவரைக் கொண்டுபோய்விட்டார்கள்.

பாலாடைக்கட்டி ஆலையில் காலையில் பால் ஊற்றும்போது எல்லோரும் கூடி நிற்பார்களே, அங்கே ஒரு பேச்சு. போர்க் கடன் பத்திரம் இன்னும் எத்தனை வாங்குவாய் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். இவர் வாங்கியிருக்கிறார் ஹெடி, இரண்டு முறை வாங்கியிருக்கிறார். ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"எங்கப்பா ஜெர்மனியில கைசர்னு ஒரு ராஜா வேணாம்னுதான் கப்பல் ஏறினார். இங்க அப்படி ஒருத்தரும் கெடையாதுன்னாங்க. சண்டை வந்தா இங்கயும் ஒருத்தர் மொளைச்சுருவார் போல!"

எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அதில் ஒருவர் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கடிதம் எழுதியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை பால் கறந்து முடிக்கும் முன் இரண்டு பேர் வந்தார்கள். நீதிமன்றம் எப்போது, வக்கீல் யாரை வைப்பது என்று கேட்டேன். உயரமானவர் மரியாதையாகவே பேசினார். "குடிமகனா இருந்தா நீதிமன்றம், ஜூரி எல்லாம் உண்டும்மா. இவர் பகைநாட்டு அந்நியர்னு தானே பதிவு பண்ணியிருக்கார். இதுக்கு ஜனாதிபதியோட ஆணை மட்டும் போதும். விசாரணை கெடையாது."

அதே வார்த்தையைச் சொன்ன ஆலைக்காரன் ஒருவன் குடிமகன். அவன் வீட்டில் இருக்கிறான்.

மில்வாக்கிக்குத்தான் கொண்டுபோவதாகச் சொன்னார்கள். நீ இருக்கும் அந்தக் கட்டடத்துக்கேதான். உன் டெனிசனிடம் கேள். அவர் நல்ல மனிதர் என்று எழுதினாயே. உடனே பதில் போடு.

ஒட்டிலி


மில்வாக்கி
1918 ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் குழந்தைகளும் உடல்நலத்தோடு இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். பதில் போடத் தாமதமானதற்கு மன்னித்துவிடு. காய்ச்சலாகப் படுத்திருந்தேன். இப்போது தேறிவிட்டேன்.

நான் விசாரித்தேன். அத்தானை ஜார்ஜியாவில் உள்ள முகாமுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே மரக் கொட்டகைகளில் படுக்கை தருகிறார்கள் என்றும், காய்கறித் தோட்டம் கூட இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். தாக்கீது முறைப்படி வாஷிங்டனிலிருந்து வந்திருக்கிறது. இது போர்க்கால நடைமுறை. இதில் இங்கே இருப்பவர்கள் செய்வதற்கு அதிகம் இல்லை. யார் கடிதம் எழுதினார்கள் என்று என்னைக் கேட்காதே. தெரிந்தாலும் பயன் இல்லை.

அவரைப் பற்றிக் கவலைப்படாதே. சாம்பல் நிற ஸ்வெட்டர் கதகதப்பாகத்தான் இருக்கும். கட்டைவிரல் காயமும் ஆறிவிடும், சீழ் பிடிக்கவில்லை.

எர்னாவுக்கு ரிப்பன் இரண்டு முழம் அனுப்புகிறேன். அவளுக்கு நீலம் பிடிக்கும்தானே?

உன் தங்கை
ஹெட்விக்


லிண்டன்தால்
1918 ஏப்ரல் 21

ஹெட்விக்,

காய்ச்சல் விட்டது என்று அறிந்தேன். நல்லது. குழந்தைகள் நலம். ரிப்பன் வந்தது.

அவர் கட்டைவிரலில் பால் கேன் கம்பி கிழித்தது அவரைக் கொண்டுபோன அன்றைக்குக் காலையில்தான். நான் என் பாவாடை ஓரத்தைக் கிழித்துக் கட்டிவிட்டேன். உனக்கு அதை எழுதவில்லை. கடிதத்தை முடித்த பிறகுதான் அது என் நினைவுக்கே வந்தது.

நீ அவரைப் பார்த்திருக்கிறாய்.

பார்த்தேன் என்று ஒரு வரி எழுத உனக்கு என்ன வந்தது? அவர் அழுதாரா? என்னைக் கேட்டாரா? அதை விடு. இப்போது அதற்கு நேரம் இல்லை.

மாவட்டத் தலைநகருக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்தேன். கிழவர், அவசரமில்லாமல் பேசினார். "வழக்கு இல்லாத இடத்துல வக்கீலுக்கு என்னம்மா வேலை? ஆனா ஒரு வழி இருக்கு. நல்ல பேர் உள்ள குடிமகன் ஒருத்தர், சொந்தக்காரரா இருந்தா இன்னும் நல்லது, 'இவரை நான் கண்காணிச்சுக்கிறேன்'னு கையெழுத்துப் போட்டா, சில பேரை விடறாங்க."

குழந்தைகளை விட்டால் இந்தக் குடும்பத்தில் குடிமகள் என்று மிஞ்சியிருப்பவள் நீ ஒருத்திதான். நான் இதே வீட்டில், இதே கூடத்துக் கட்டிலில் பிறந்தவள். ஆனால் அவரைக் கட்டிக்கொண்டதால் நானும் அந்நியளாம். வக்கீல் சொல்லித்தான் தெரியும். நீ கல்யாணம் ஆகாதவள், பட்டதாரி, அரசு அலுவலகத்தில் இருப்பவள். உன் கையெழுத்தை விடப் பெரிய கையெழுத்து எங்களுக்கு எங்கே கிடைக்கும்?

கொட்டகைக் கதவில் யாரோ மஞ்சள் சாயம் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள், தேசத்துரோகி வீடு என்று அடையாளமாம். எர்னா பாதி சுரண்டினாள். மீதியை நான் விட்டுவிட்டேன்.

காத்திருக்கும்
ஒட்டிலி


ஜார்ஜியா முகாம்
1918 மே 12

அன்புள்ள மச்சினி ஹெடிக்கு,

நான் நலம். நீ நலமாக இரு. இங்கிருந்து போகும் கடிதங்களைத் தணிக்கைக்காரர் படிப்பார். இதை அவர் படிக்கமாட்டார். எங்களோடு அடைத்திருந்த கப்பல் சமையல்காரர் ஒருவரை விடுவிக்கிறார்கள், அவர் காலுறைக்குள் வைத்துக் கொண்டுவருவார். வாசனைக்கு என்னைத் திட்டாதே.

உன்னை அங்கே பார்த்ததைப் பற்றி ஒட்டிலிக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. நீ பயப்பட வேண்டாம்.

அன்று அந்த அறைக்குள் நுழைந்து, மூலையில் நோட்டும் பென்சிலுமாக உன்னைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். உன் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. நீ வாயைத் திறந்தால் உன் வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியும். பகைநாட்டானின் மச்சினியை அந்த மாடியில் வைத்திருப்பார்களா? அதனால்தான் "இந்த நகரில் உங்களுக்கு உறவினர் யாராவது உண்டா?" என்று அவர் கேட்டபோது "இல்லை" என்றேன். "நாட்டில் வேறெங்காவது, குடியுரிமை உள்ளவர்?" "இல்லை." நீ குனிந்து எழுதினாய். வேகமாகவும் அழகாகவும் எழுதினாய். நம் வீட்டில் ஒருத்திக்கு இவ்வளவு அழகாக எழுத வருகிறதே என்று பெருமையாகக்கூட இருந்தது.

இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பதிவு செய்யச் சொன்னதற்கும் இல்லை. நீ சட்டத்தைப் படித்தவள், சட்டத்தைச் சொன்னாய். அந்த "இல்லை"யைக் கெடுத்துவிடாதே. அதுதான் நான் உனக்குக் கொடுத்த பட்டமளிப்புப் பரிசு என்று வைத்துக்கொள். அப்போது கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

இங்கே ராத்திரி எல்லோரும் பாடுகிறார்கள். பேராசிரியர்கள் இருக்கிறார்கள், வாத்தியக்காரர்கள் இருக்கிறார்கள். பால் கறக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மாடுதான் இல்லை.

உன் அத்தான்
கான்ராட்


மில்வாக்கி
1918 ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் குழந்தைகளும் எப்படி இருக்கிறீர்கள்? நான் நலம். இங்கே வெயில் வந்துவிட்டது. ஏரிக்கரையில் கூட்டம்.

உன் பிறந்தநாளுக்கு வாழ்த்து. ரவிக்கைத் துணி அனுப்பியிருக்கிறேன். பழுப்பு நிறம், அழுக்குத் தெரியாது. குழந்தைக்கு ஒரு தொப்பி.

அலுவலகத்தில் வேலை அதிகம். நீ எழுதிய விஷயத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். விதிமுறைகள் சிக்கலானவை. சரியான நேரம் பார்த்துக் கேட்க வேண்டும். கேட்பேன்.

பால் விலை இப்போது பரவாயில்லையா? கோதுமை கூடாது என்று அரசு சொன்ன நாட்களில் என்ன சமைக்கிறாய்? முதுகுக்குச் சூடு கொடுக்கிறாயா?

உன் தங்கை
ஹெட்விக்


லிண்டன்தால்
1918 ஜூன் 23

ஹெட்விக்,

துணி கிடைத்தது. நலம் விசாரித்ததற்கு நன்றி. முதுகு முதுகாக இருக்கிறது. பதினான்கு மாடுகளை ஒருத்தி கறந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது.

இப்போது பெண்களும் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. உனக்குத் தெரிந்திருக்கும். நீயே தட்டச்சு செய்திருந்தாலும் செய்திருப்பாய். நான் புதன்கிழமை போனேன். உன் பழுப்புத் துணியில் தைத்த ரவிக்கையைத்தான் போட்டுக்கொண்டு போனேன். நீ சொன்னது சரி, மை சிந்தியது தெரியவில்லை.

ஸ்ட்ரூவே என் முகத்தைப் பார்க்கவே இல்லை. காகிதத்தையே பார்த்துக் கேட்டார்.

"பொறந்த ஊர்?"

"இங்கதான். உங்க அம்மாதான் பிரசவம் பாத்தாங்க."

"தெரியும்மா. கேக்கணும்னு போட்டிருக்கு. கேக்கிறேன்."

"கேளுங்க."

"அப்பா, அம்மா?"

"சர்ச் பின்னாடி இருக்காங்க. நேத்துதான் புல் வெட்டிட்டு வந்தேன்."

"கூடப் பொறந்தவங்க யாராவது?"

அவருக்கு உன்னைத் தெரியும். உனக்கு எண்ணெய்த் துணியில் சுற்றிய புத்தகக் கட்டுகளை எத்தனை முறை கொடுத்திருப்பார். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"யாரும் இல்ல" என்றேன்.

பேனாவை மறுபடி மையில் தோய்த்தார். பிறகு எழுதினார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

உனக்குத் தொந்தரவு வரக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். அப்படித்தான் என்று நினைத்துக்கொள்.

இனி துணி அனுப்பாதே.

ஒட்டிலி


மில்வாக்கி
1918 ஜூலை 1

அன்புள்ள ஒட்டிலிக்கு,

நீ நலமா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

நீ ஸ்ட்ரூவேயிடம் சொன்ன அதே பதிலை, மார்ச் மாதத்தில் அத்தான் என் முன்னால் சொன்னார். அந்த விசாரணையைச் சுருக்கெழுத்தில் எடுத்தவள் நான். உறவினர் உண்டா என்று கேட்டார்கள். அவர் என்னைப் பார்க்காமல் "இல்லை" என்றார். நான் அதை எழுதினேன். மறுநாள் அதையே மூன்று பிரதிகள் தட்டச்சு செய்தேன். வாஷிங்டனுக்குப் போன பரிந்துரையும் என் விரல்களில் இருந்து போனதுதான். காய்ச்சல் என்று உனக்கு எழுதினேனே, எனக்குக் காய்ச்சல் இல்லை. உன் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். நீ மார்ச்சில் எழுதிய கடிதத்துக்கும் இந்தக் கடிதத்துக்கும் நடுவில் எந்த நாளிலும் நான் எழுந்து நின்று பேசியிருக்கலாம். ஜாமீன் நிற்கக் குடியுரிமை உள்ள உறவினர் யாரும் இல்லை என்று அவருடைய கோப்பில் இருக்கும் வரி, என்னைக் காப்பாற்ற அவர் சொன்னது. அதை வைத்துத்தான் அவரை அங்கே வைத்திருக்கிறார்கள்.

இன்று காலை மிஸ்டர் டெனிசன் அறைக்குப் போனேன். வழக்கம்போல எழுந்து நின்றார்.

"கான்ராட் பேங்கே விசாரணையில ஒரு பதில் தப்பு சார். அவருக்கு இந்த நகரத்துல உறவினர் ஒருத்தர் இருக்கார்."

"யாரு?"

"நான்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"அன்னைக்கே ஏன் சொல்லல மிஸ் ப்ரூகெமான்?"

"பயம் சார்."

"யாரைப் பார்த்து? என்னையா?"

அவர் இதுவரை என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை. "உங்களைப் பார்த்து இல்ல சார்" என்றேன். "நீங்க நல்லவரா இல்லாமப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாத்தேன். அப்பவும் இதேதான் நடந்திருக்கும். தடுக்கறதுக்கு வேற யாருமே இல்ல."

வேலை போய்விட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அலுவலக விதி அப்படி. ஆனால் ஜாமீன் பத்திரத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். "கையெழுத்துப் போடுங்க, அனுப்பறேன். ஆனா மறைச்சவங்களோட கையெழுத்தை வாஷிங்டன் ஏத்துக்குமான்னு எனக்குத் தெரியாது. மேல்முறையீடுன்னு ஒண்ணும் கெடையாது. அங்க ஒருத்தருக்கு மனசு வந்தா வரும்."

மார்ச்சில் போட்டிருந்தால் இந்தக் கையெழுத்துக்கு மதிப்பு இருந்திருக்கும். இப்போது இருக்குமா என்று தெரியவில்லை. இதை உன்னிடம் மறைக்கக் கூடாது.

என் கட்டுரையில் ஒரு வாக்கியம் இருந்தது. அதிகாரம் நல்லவர்கள் கையில் இருக்கும்போது அஞ்சத் தேவையில்லை என்று எழுதியிருந்தேன். டெனிசன் நல்லவர். வந்து கூட்டிப்போனவர் உன்னிடம் மரியாதையாகப் பேசினார். ஸ்ட்ரூவே அத்தானின் சிநேகிதர், அவர்தான் மை போட்டார். நானும் கெட்டவள் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் அத்தானை அனுப்பினோம். அப்பா வெட்டச் சொன்ன பேரி மரத்தை யார் வெட்டினார்கள் என்று நீ எழுதவில்லை. அவர்களும் நல்ல அண்டை வீட்டுக்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

நீ பதிவில் சொன்னதைத் திருத்தச் சொல்லிக் கேட்க மாட்டேன். பத்திரத்தில் "கைதிக்கு என்ன உறவு" என்று கேட்டிருந்த இடத்தில், "மனைவியின் தங்கை" என்று எழுதிவிட்டேன். அதை எழுதும்போதும் உன்னைக் கேட்காமல்தான் எழுதினேன்.

அறையைக் காலி செய்துவிட்டேன். சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். பால் கறக்க எனக்கு இன்னும் தெரியும். வரவேண்டாம் என்றால் ஒரு வரி எழுது.

ஹெட்விக்


(தபால் அட்டை)
லிண்டன்தால்
1918 ஜூலை 3

ஸ்டேஷன் ஊர் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அங்கே வர நான் ஸ்ட்ரூவேயிடம் அனுமதி கேட்க வேண்டும். உனக்காகக் கேட்க மாட்டேன்.

நடந்து வா. பழைய செருப்புப் போட்டுக்கொண்டு வா, வழியெல்லாம் சேறு. காலையில் ஐந்து மணிக்குக் கறக்க வேண்டும்.

கொட்டகைக் கதவில் மீதிச் சாயம் அப்படியே இருக்கிறது. அதை நீ சுரண்டு.

ஒட்டிலி